தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ கல்லூரிக்கோ நாள்தோறும் சைக்கிளில் போய்வரத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே இரண்டில் ஒரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். பதினோரு மணிக்கெல்லாம் பசி காதை அடைத்து, அலுவலகத்தின் கீழே இருக்கும் கடையில் பஜ்ஜியும் டீயுமாக அதைத் தணித்துக்கொள்வது ஒன்று. சைக்கிள்தான் ஓட்டுகிறோமே என்று கணக்கில்லாமல் உண்டு, எடை குறைவதற்குப் பதில் கூடிப்போவது மற்றொன்று. இரண்டையும் வீட்டுச் சமையலறையிலேயே சரிசெய்துவிடலாம். புரதத் தூளும் எனர்ஜி பாரும் இல்லாமல் இட்லி, கூழ், சுண்டல், தயிர்சாதம் ஆகியவற்றைக் கொண்டே நாளை நடத்த முடியும். எதை எப்போது உண்பது, எதை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. நான் குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போய்வருகிறேன். ஆகவே இங்கே சொல்லும் நேரங்களும் விலைகளும் சென்னையின் வெயிலுக்கும், ஒருவழித் தூரமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கும் பொருந்துபவை.

1. கூடுதலாக எவ்வளவு உண்ண வேண்டும் என்று கணக்கிடுங்கள்

அறுபது, அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓட்டினால், கிலோமீட்டருக்குத் தோராயமாக 25 கலோரி செலவாகும். போகவர 22 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 550 கலோரி. இதை உணவாக மாற்றிப் பார்த்தால் நான்கு இட்லியும் சட்னியும், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஓட்டல் பரோட்டா இரண்டும் சால்னாவும் இந்தக் கணக்கை ஒரே வேளையில் விழுங்கிவிடும். ஒருவழித் தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் தனியாக எதையும் கூட்டிக்கொள்ளத் தேவையில்லை. வழக்கமான மூன்று வேளை உணவே போதும்.

சைக்கிள் ஓட்டுகிறவரின் தட்டில் பெரும்பாலும் குறைவது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு அது 50 கிராம். சாதமும் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலுமாக நாள் முழுவதும் போனால் இந்த அளவை எட்டுவது கடினம். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்குச் சற்று மேல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வேளையில் எதைச் சேர்ப்பது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

2. இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

நாற்பதைக் கடந்தவர்களும், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் காட்டும் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் ஓட்டும்போதோ ஓட்டி முடித்த பிறகோ சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவையும் காலை உணவின் நேரத்தையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இக்கட்டுரையில் உப்பு என்று வரும் இடங்களில் எல்லாம் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவதற்குப் பயிற்சிக் குறைவு என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் இதுவாக இருக்கும். முருங்கைக்கீரை, பயறு வகைகளுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும், சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

3. அடுப்புக்கு வழி செய்யுங்கள்

குடும்பத்தோடு இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வேலைக்காகச் சென்னைக்கு வந்து தனி அறையில் தங்கியிருப்பவர்களுக்கு இதுதான் முதல் தடை. வழக்கமான 14.2 கிலோ சிலிண்டர் இணைப்புக்கு அடையாளச் சான்றோடு முகவரிச் சான்றும் வேண்டும். ஆதாரில் ஊர் முகவரி இருக்குமானால் வாடகை ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம். ஆகவே அறை பேசும்போதே எழுத்தில் ஒப்பந்தம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் தர வீட்டுக்காரர் தயங்கினால் 5 கிலோ சிறு சிலிண்டர் இருக்கிறது. அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை. அடையாள அட்டையின் நகல் ஒன்று போதும். கேஸ் ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய சிலிண்டரைவிட விலை கூடுதல்தான் என்றாலும், ஒருவர் சமையலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரும்.

இண்டக்ஷன் அடுப்பு வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் வீட்டுக்காரர் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் இலவச நூறு யூனிட் பல வாடகை அறைகளுக்கு வந்து சேர்வதில்லை. 1200 வாட்டில் ஒரு மணி நேரம் சமைத்தால் 1.2 யூனிட் ஆகும். அதைக்கொண்டு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஊரில் பெற்றோரிடம் அரிசி வாங்கும் குடும்ப அட்டை இருக்குமானால், ரேஷன் புழுங்கலரிசியிலும் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பிலும் ஒரு பங்கை மாதம் ஒருமுறை கொண்டுவந்துவிடுங்கள். அந்த அரிசியை நன்றாகக் களைந்து, கல் பொறுக்கி, சற்றுக் கூடுதல் நேரம் ஊறவைத்தால் இட்லிக்குக் குறை சொல்ல முடியாது.

4. முந்தைய இரவே பாதி வேலையை முடித்துவிடுங்கள்

காலை ஏழேகாலுக்குள் கிளம்பினால்தான் வெயிலும் பேருந்து நெரிசலும் கூடுவதற்கு முன் போய்ச் சேரலாம். ஐந்தரைக்கு எழுந்தாலும், குளித்து, உண்டு, மதியத்துக்குக் கட்டி, டயரில் காற்றுப் பார்ப்பதற்கு நேரம் சரியாக இருக்கும். ஆகையால் காலையில் காய் நறுக்கும் வேலை இருக்கவே கூடாது.

ஞாயிறு மாலை நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு கரண்டி வெந்தயமும் என்ற அளவில் அரைத்து வைத்தால் வியாழன்வரை வரும். சென்னைக் கோடையில் ஆறேழு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கோடையில் இரவு முழுவதும் வெளியே விட்டுவிட்டுக் காலையில் புளித்த மாவோடு மல்லுக்கட்டுவதைவிட, படுப்பதற்கு முன் பொங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுவது மேல். கிரைண்டர் இல்லாதவர்கள் தெருமுனை மாவுக் கடையில் வாங்கினால், அன்று அரைத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அன்றாட இரவு வேலை மூன்றே மூன்று: கொண்டைக்கடலையையோ பச்சைப்பயறையோ ஊறப்போடுவது, மறுநாள் பொரியலுக்குக் காய் நறுக்கி வைப்பது, வேர்க்கடலையை எண்ணெயில்லாமல் வறுத்து டப்பாவில் போடுவது. புளிக்காய்ச்சலை மட்டும் மாதம் இருமுறை, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கை ஓயும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

5. கிளம்புவதற்கு முன் கொஞ்சம், போய்ச் சேர்ந்தபின் மீதி

காலை உணவை இரண்டாகப் பிரிப்பதுதான் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பயன் தந்தது. வயிறு நிறையப் பொங்கலும் வடையும் உண்டு உடனே பெடலை மிதித்தால், பல்லாவரம் தாண்டுவதற்குள் நெஞ்சுக்கரிக்கும். வெறும் வயிற்றில் கிளம்பினால், போய்ச் சேர்ந்தபின் கண்ணில் பட்டதையெல்லாம் உண்ணத் தோன்றும். கிளம்ப இருபது நிமிடம் முன்பு ஒரு வாழைப்பழமோ, ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சியோ, இரண்டு இட்லியோ போதும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் வழியில் எதுவும் உண்ணத் தேவையில்லை. உடலில் சேமித்திருக்கும் சர்க்கரையே அதற்குத் தாங்கும். போய்ச் சேர்ந்து முகம் கழுவிச் சற்று வியர்வை அடங்கியதும் மீதி இட்லியை மிளகாய்ப்பொடி தடவியதாகவோ, இரண்டு அவித்த முட்டையோடோ உண்ணுங்கள். முட்டையை ஓட்டோடு எடுத்துப்போய் அங்கே உரிப்பது நல்லது.

பழையசாதம் பிடித்தவர்கள் தாராளமாக உண்ணலாம். சாதம் ஆறியவுடனேயே நீரூற்றி மூடி வைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதி இரவு திறந்து கிடந்த சாதத்தில் பிறகு நீரூற்றுவது வேறு கதை. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்டபின் முக்கால் மணி நேரமாவது விட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நீர் நிறைந்த வயிறு ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும். மிச்சத்தை மதியத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

6. மதியச் சாப்பாடு: எது தாங்கும், எது தாங்காது

இந்தப் படியில்தான் புதியவர்கள் மிகுதியாகச் சறுக்குகிறார்கள். காலை ஏழு மணிக்குக் கட்டிய உணவை ஒரு மணிக்குத் திறக்கிறீர்கள். இடையில் ஆறு மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் வெயிலில். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும்போதுதான் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. சோற்றில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைகள் வேகவைத்தாலும் அழிவதில்லை. அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஆகவே, மதியம் சூடு செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எதையும் கட்டக் கூடாது. அலுவலகத்தில் குளிர்பெட்டி இருந்தால் போய்ச் சேர்ந்தவுடன் டப்பாவை அதில் வைப்பது முதல் வேலை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மறந்துபோகும்.

குளிர்பெட்டி இல்லாதவர்களுக்குப் புளிசாதம், எலுமிச்சைசாதம், மிளகாய்ப்பொடி இட்லி, நீர் சேராத உருளைக்கிழங்கு வைத்த சப்பாத்தி ஆகியவை நம்பகமானவை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும், கொதித்தால் கசக்கும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் தூவிய பொரியல், கீரை மசியல், கூட்டு ஆகியவற்றைப் பங்குனி தொடங்கி ஆவணிவரை கட்டவே கட்டாதீர்கள். வறுத்த மீனை அன்போடு கட்டிக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அதை இரவுக்கு வைத்துக்கொள்வது அடுத்த இருக்கைக்காரருக்கும் நல்லது.

தயிர்சாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் பகல் ஒரு மணிக்கு வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். சாதத்தை வழக்கத்தைவிடக் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே கரண்டியின் முதுகால் மசித்து, காய்ச்சிய பாலை அது பாயசம்போல் தளர்வாகும்வரை ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இரண்டே கரண்டி புதுத் தயிரும் உப்பும் சேர்த்துக் கலந்தால், வண்டியில் போகப்போக உறைந்து, மதியம் திறக்கும்போது சரியான பதத்தில் இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலைத் தாளிதம் போடலாம். பச்சை வெங்காயமும் வெள்ளரியும் காலையில் கலந்தால் நீர்விட்டு வாடையடிக்கும். அவற்றை உண்ணும்போது நறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தாலும், குளிர்பெட்டி இல்லாத இடத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தயிர்சாதத்தைத் தவிர்ப்பதே என் வழக்கம்.

எந்தச் சாதமானாலும் அகலமான தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டு, அதற்குமேல் தாமதிக்காமல் மூட வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் கோத்த நீர் மறுபடி சாதத்தில் சொட்டி, அந்த இடத்தில்தான் முதலில் ஊசிப்போகும். ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் திறந்து போடுவதும் தவறு. மின்விசிறிக்கடியில் பத்து நிமிடம் போதும்.

7. குலுங்காமல் கொண்டுபோவது

சாம்பாரையும் ரசத்தையும் சைக்கிளில் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. நான்கு பக்கமும் கொக்கி போட்டு, உள்ளே ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டப்பாக்கள் கசியாது என்றுதான் கடையில் சொல்வார்கள். வாங்கியவுடன் நீர் நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்து, நாலு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ முடியாத மாதிரியை வாங்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதற்கடியில்தான் தங்கி வாடை பிடிக்கும். அடுக்கு டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டினால் திருப்பத்தில் வண்டி இழுக்கும், ஒரு பள்ளத்தில் மூடியும் கழன்றுவிடும். பின் கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பையில், ஒரு பருத்தித் துண்டில் இறுகச் சுற்றி, டப்பாவை நிமிர்த்தி வைப்பதே சரி. முதுகுப் பையில் வைத்தால் உடற்சூடும் வியர்வையும் சேர்ந்து உணவு சீக்கிரம் கெடும்.

மைக்ரோவேவ் அடுப்பில் எவர்சில்வரை வைக்கக் கூடாது. கண்ணாடிக் கிண்ணமோ வண்டியில் உடையும். ஒரு பீங்கான் கிண்ணத்தையும் கரண்டியையும் அலுவலக மேசையறையிலேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

8. தண்ணீரும் மோரும்

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும். கோடையில் இன்னும் கூடும். தாகம் எடுத்தபின் மடமடவென்று குடிப்பதைவிடச் சிக்னலுக்குச் சிக்னல் இரண்டு வாய் குடிப்பது வயிற்றுக்கு இதம். சட்டையில் உப்புக் கோடு தெரியும் நாட்களில் வெறும் நீர் போதாது. மாலையில் கிளம்புவதற்கு முன் ஒரு பங்கு தயிருக்கு மூன்று, நான்கு பங்கு நீர் கலந்த நீர்மோரை உப்பு, இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து தேறிவரும் நாட்களுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவு மாறக் கூடாது. அந்த நாட்களில் சைக்கிளுக்கும் ஓய்வு கொடுங்கள்.

9. மாலை நாலரை மணிச் சுண்டல்

திரும்பும் வழியில் எண்ணெய்ச் சட்டியின் மணம் இழுக்காமல் இருக்க வேண்டுமானால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எதையாவது உண்டிருக்க வேண்டும். காலையில் வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்த சுண்டல், அது இயலாத இடத்தில் வறுத்த வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும், அல்லது பொட்டுக்கடலை உருண்டை. கடலைமிட்டாய் கெடாது என்பதால் பையின் அடியில் எப்போதும் இரண்டு கிடக்கட்டும். பஞ்சர் ஆகி வீடு போய்ச் சேர எட்டு மணி ஆகும் நாளில் அதன் அருமை தெரியும்.

இரவு உணவை எட்டரைக்குள் முடித்துக்கொண்டு, அதில் சாம்பாரோ பருப்போ மீனோ முட்டையோ ஏதாவது ஒன்று இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் விட்டுப்போன கீரையும் கூட்டும் இந்த வேளைக்கு உரியவை.

10. செலவுக் கணக்கு

தொடக்கத்தில் இரண்டு டப்பாவுக்கு 600 முதல் 800 ரூபாய், தண்ணீர்ப் புட்டிக்கு 250, பக்கவாட்டுப் பைக்கு 800 முதல் 1500, மூன்று லிட்டர் குக்கர் இல்லையென்றால் அதற்கு 1200-லிருந்து 1500 வரை ஆகும். பையில் மிச்சம் பிடிக்க நினைத்து மெல்லிய துணிப் பையை வாங்கினால் முதல் மழையிலேயே சாப்பாடும் நனையும்.

அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 140 என்று வைத்துக்கொண்டால் ஓர் இட்லிக்கான மாவு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். காலை உணவும் சட்னியும் 20, மதியச் சாதம் 35, சுண்டல் 8, இரண்டு முட்டை 14, வாழைப்பழம் 7 என நாளொன்றுக்கு 84 ரூபாய். மாதத்தில் 24 வேலை நாளுக்குச் சுமார் 2000, எரிபொருளின் பங்கையும் சேர்த்தால் 2300. அதே மூன்று வேளையையும் நடுத்தர ஓட்டலில் காலைக்கு 70, மதியச் சாப்பாட்டுக்கு 110, மாலைச் சிற்றுண்டிக்கும் டீக்கும் 40 என்று முடித்தால் 5280 ஆகிறது. தொடக்கச் செலவு இரண்டாம் மாதத்துக்குள் கழிந்துவிடும். பருப்பு, கடலை வகைகளைத் தெருக்கடையில் கால் கிலோவாக வாங்காமல் மொத்தக் கடையில் மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் வேர்க்கடலையை மட்டும் அரைக் கிலோவுக்குமேல் வாங்காதீர்கள். ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவியோ வறுத்தோ உண்ணக் கூடாது, கொட்டத்தான் வேண்டும்.